அம்மாவின் ஸ்மியர் ரிப்போர்ட்டும் அவருடைய சர்க்கரையும்

பின்னால் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் அம்மாவுக்கு 52 வயது. பதினொரு வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்.பி.ஏ.1.சி.) 9.4. எடை 78 கிலோ, பிரஷருக்கும் மாத்திரை உண்டு. மாதவிடாய் நின்று இரண்டு வருடமாகிறது. முழு உடல் பரிசோதனைக்குப் போன இடத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் (அங்கிருந்து செல்களை எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்க்கும் ஸ்மியரும், வைரஸைத் தேடும் சோதனையும்) செய்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் மூன்று செய்திகள்: எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) இருக்கிறது, ஆனால் 16, 18 வகை அல்ல, மற்ற உயர் அபாய வகை. செல்களில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் எதுவும் இல்லை. அழற்சியும் பூஞ்சையும் தெரிகின்றன. அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. சர்க்கரைதான் இதைக் கொண்டுவந்ததா, சர்க்கரையைக் குறைத்தால் போய்விடுமா, 31 வயதில் பி.சி.ஓ.டி.யும் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) கூடுதல் எடையும் உள்ள நானும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்று மகள் கேட்டிருக்கிறார்.

ஸ்மியர் கண்ணாடிகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. அதனால் சொல்கிறேன்: அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். இந்த ரிப்போர்ட் புற்றுநோய் என்று சொல்லவில்லை. புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்றும் சொல்லவில்லை. ஒரு வைரஸ் இருக்கிறது, அதைக் கண்காணிக்க வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். அந்த வைரஸைச் சர்க்கரை கொண்டுவரவில்லை. ஆனால் சர்க்கரைக்கும் இந்த ரிப்போர்ட்டுக்கும் தொடர்பே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். தொடர்பு இருக்கிறது, நீங்கள் தேடும் இடத்தில் இல்லை.

முதலில் வைரஸ். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்.பி.வி.யின் வேலை. 1983இல் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் புற்றுநோய்த் திசுவில் கண்டுபிடித்துக் காட்டியது ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசனின் குழு. அதற்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த இரண்டு வகைகள் மட்டுமே உலகின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குக் காரணம். உங்கள் அம்மாவுக்கு இருப்பது இந்த இரண்டும் அல்ல என்பது சிறிய ஆறுதல் அல்ல.

வைரஸ் தொற்றுவது மிகச் சாதாரணம். தாம்பத்திய வாழ்க்கை உள்ள பெண்களிலும் ஆண்களிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போகும். பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு வருடத்துக்குள் தாமாகவே அடங்கிவிடுகின்றன. அடங்காமல் தங்கிவிடும் சிலவற்றில்தான் ஆபத்து. அதுவும் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகிறது. இந்த நீண்ட அவகாசத்தை நம்பித்தான் பரிசோதனை என்ற ஏற்பாடே நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் அம்மா சாப்பிடாமல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். 'இந்த வயதில் எனக்கு எப்படி வந்தது?' என்ற கேள்வி பெண்களைத் தின்றுவிடுகிறது. சில வீடுகளில் கணவரையும் தின்கிறது. இந்த வைரஸ் பல வருடங்கள் உடலில் அடங்கிக் கிடந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது மறுபடி தலைகாட்டக்கூடியது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது. 52 வயதில் வரும் பாசிட்டிவ் ரிப்போர்ட் யாருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சி அல்ல. இதை அம்மாவிடமும், தேவைப்பட்டால் அப்பாவிடமும், இதே சொற்களில் சொல்லுங்கள்.

இப்போது சர்க்கரை, எடை, பிரஷர். இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, நல்ல கொழுப்பு ஆகிய ஐந்தில் மூன்று பிசகினால் வளர்சிதை மாற்றக் கோளாறு என்கிறோம். நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அது கணக்கில் சேர்ந்துவிடும். உங்கள் அம்மாவுக்கு இரண்டு நிச்சயம், மூன்றாவதும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். இந்தக் கூட்டணி உடலில் எப்போதும் ஒரு மெல்லிய அழற்சியை வைத்திருக்கிறது. இன்சுலின் ரத்தத்தில் தேவைக்கு மேல் சுற்றுகிறது. வைரஸைத் தேடி அழிக்க வேண்டிய வெள்ளணுக்கள் உயர்ந்த சர்க்கரையில் மந்தமாகின்றன. ஆகவே சாதாரணமாக இரண்டு வருடத்தில் போக வேண்டிய தொற்று கொஞ்சம் கூடுதலாகத் தங்கலாம் என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு நியாயமாக இருப்பது வேறு, நிரூபணம் வேறு. நார்வே, ஆஸ்திரியா, ஸ்வீடன் நாடுகளில் லட்சக்கணக்கான பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஒரு கூட்டு ஆய்வு 2012இல் வெளியானது. எடையும் டிரைகிளிசரைடும் கூடக் கூடக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வாய்ப்பும் சற்றுக் கூடியது என்று அது காட்டியது. 'சற்று' என்ற சொல்லைக் கவனியுங்கள். சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்று இந்தப் புற்றுநோயைத் தூண்டும் வேகத்துடன் ஒப்பிட்டால் சர்க்கரையின் பங்கு மிகச் சிறியது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் வைரஸ் போய்விடும் என்று எந்தச் சோதனையும் காட்டவில்லை. அப்படிச் சொல்லி உணவுத் திட்டமோ, பொடியோ, 'இம்யூனிட்டி' டானிக்கோ யாராவது விற்க வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு ஆய்வு. அமெரிக்காவின் வடக்குக் கலிஃபோர்னியாவில் ஒரே மருத்துவ அமைப்பில் பரிசோதனை செய்துகொண்ட ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை வைத்து 2018இல் வந்தது. எடை கூடக் கூட, பரிசோதனையில் பிடிபடும் முந்தைய நிலை மாற்றங்கள் குறைந்தன. நல்ல செய்தி போலத் தோன்றுகிறதா? அதே பெண்களிடம் புற்றுநோய் கூடியது. முந்தைய நிலை குறைவாகவும் புற்றுநோய் அதிகமாகவும் இருக்க இயற்கையில் வழியில்லை. இருந்ததைக் கண் தவறவிட்டது என்பதுதான் பொருந்தும் விளக்கம். அதாவது, பருமனான பெண்ணுக்கு வரும் 'நார்மல்' ரிப்போர்ட் மெலிந்த பெண்ணுக்கு வருவதைப் போல நம்பகமாக இல்லை.

ஏன் என்பது பரிசோதனை மேஜையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண்ணுறுப்பின் பக்கச் சுவர்கள், அதை விரித்துப் பிடிக்கும் கருவியான ஸ்பெகுலத்துக்கு இடையே சரிந்து வந்து கர்ப்பப்பை வாயை மறைத்துக்கொள்ளும். பாதிதான் தெரியும். வரிசையில் இன்னும் முப்பது பேர் காத்திருப்பார்கள். தெரிந்த பாதியிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பிவிடுவார்கள். நீளமும் அகலமும் கூடிய ஸ்பெகுலம் வைத்தால் இது தீரும். அது இல்லாவிட்டால் நுனி வெட்டிய ஆணுறையை ஸ்பெகுலத்தின் மேல் மாட்டிச் சுவர்களைத் தடுத்துப் பிடிக்கலாம். பழைய செவிலியர்கள் இதை அலட்டிக்கொள்ளாமல் செய்வார்கள். என் மேஜைக்கு வரும் கண்ணாடிகளில் செல்கள் போதவில்லை என்று நான் திருப்பி அனுப்பியவற்றில் பல, நிதானமாக எடுத்திருந்தால் தேறியிருக்கக்கூடியவை.

அம்மாவின் வயது இதில் இன்னொரு முடிச்சு. புற்றுநோய் தொடங்கும் இடம் கர்ப்பப்பை வாயில் இரண்டு வகைத் தோல்கள் சந்திக்கும் எல்லைக்கோடு. இளம் வயதில் அது வெளியே தெரியும். மாதவிடாய் நின்றபின் உள்ளே கால்வாய்க்குள் போய்விடும். அசெட்டிக் அமிலத்தைத் தடவி வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனை அப்போது அவ்வளவாகப் பயன்படாது. பார்க்க வேண்டியதே கண்ணில் படாது. எச்.பி.வி. பரிசோதனைக்கு இந்தச் சிக்கல் குறைவு. வைரஸின் மரபணுவைத் தேடுவதால் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021 வழிகாட்டுதலில் இதையே முதல் பரிசோதனையாகப் பரிந்துரைத்தது. பெண் தானே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுப்பதையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மேஜையில் ஏறிப் படுக்கக் கூச்சப்படும், முழங்கால் வலியால் காலை மடக்க முடியாத, எடை கூடிய பெண்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. அம்மாவுக்கு நடந்தது சரியான பரிசோதனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்து 'அழற்சி, பூஞ்சை' என்ற வரி. வீட்டில் அதிகம் பயமுறுத்துவது இதுதான். உண்மையில் ரிப்போர்ட்டிலேயே சாதுவான வரியும் இதுதான். இதைத்தான் சர்க்கரையின் நேரடி வேலை என்று கையைக் காட்டலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது கேண்டிடா என்ற பூஞ்சை பெண்ணுறுப்பில் செழித்து வளர்கிறது. நுண்ணோக்கியில் மூங்கில் குச்சிகளைப் போல நீண்டு கிடக்கும், சுற்றிலும் வெள்ளணுக் கூட்டம். கூட்டம் மிகுந்தால் அடியில் இருக்கும் செல்கள் எனக்குத் தெரியாது. மழையில் நனைந்த செய்தித்தாளைப் படிப்பது போலத்தான். அழற்சியால் செல்கருக்கள் கொஞ்சம் வீங்கியும் இருக்கும். அதைப் பார்த்து ஒருவர் 'சந்தேகத்துக்கிடமான செல்கள்' என்று எழுதிவிடக்கூடும். இன்னொருவர் உண்மையான மாற்றத்தையே அழற்சி என்று ஒதுக்கிவிடக்கூடும். சர்க்கரை பரிசோதனை முடிவைக் குழப்பும் வழி இது.

இங்கே ஒரு மாத்திரையைப் பற்றிக் கேட்கிறேன். அம்மா சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றில் ஏதாவது எடுக்கிறாரா? காப்புரிமை முடிந்து விலை இறங்கியபின் டாபாகிளிஃப்ளோசின் நம் ஊரில் தாராளமாக எழுதப்படுகிறது. நல்ல மருந்து, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு. ஆனால் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் அந்தப் பகுதியில் பூஞ்சைத் தொற்று கூடும், பெண்களுக்கு இன்னும் அதிகமாக. அரிப்பும் வெள்ளைப்படுதலும் அந்த மாத்திரை தொடங்கிய பிறகு வந்தனவா என்று கேட்டுப் பாருங்கள். பல பெண்கள் சர்க்கரை டாக்டரிடம் அரிப்பைச் சொல்வதில்லை, மகளிர் மருத்துவரிடம் மாத்திரையைச் சொல்வதில்லை. இரண்டு ஃபைலையும் ஒரே பையில் வைத்து இரண்டு பேரிடமும் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சர்க்கரையும் கர்ப்பப்பை வாயும் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அயோடின் சோதனை. வியன்னாவின் வால்டர் ஷில்லர் கண்டறிந்தது. ஆரோக்கியமான செல்கள் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையை வைத்திருக்கின்றன; அயோடினைத் தடவினால் அடர் பழுப்பாகிவிடும். மாறத் தொடங்கிய செல்களிடம் அந்தச் சேமிப்பு இருப்பதில்லை. அவை மட்டும் வெளிறிய மஞ்சளாக நிற்கும். செல் தன் சர்க்கரையை என்ன செய்கிறது என்பதை வைத்தே அதன் நிலையைப் படிக்கும் இந்த எளிய வித்தையை, கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் கால்போஸ்கோப்பியில் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

அம்மாவின் ரிப்போர்ட்டில் இல்லாத, ஆனால் எடை கூடிய பெண்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ஸ்மியரில் எப்போதாவது 'சுரப்பிச் செல்களில் மாற்றம்' என்று வரும். கர்ப்பப்பை வாயை மட்டும் பார்த்துவிட்டு இதை மூடிவிடக் கூடாது. அந்தச் செல்கள் மேலே கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து உதிர்ந்து வந்திருக்கலாம். உள்சுவர்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. காரணமல்ல. அங்கே எடைதான் பெரிய குற்றவாளி: கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை உற்பத்தி செய்கிறது, மாதவிடாய் நின்றபின்னும் நிறுத்துவதில்லை, அதைச் சமன்செய்யும் ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோன் இருப்பதில்லை. சர்க்கரை நோயும் இந்த வாய்ப்பைக் கூட்டுகிறது. எனவே சுரப்பிச் செல் மாற்றம் என்று வந்தால், 35 வயதைத் தாண்டிய எல்லாருக்கும், அதற்குக் கீழே என்றாலும் பருமனோ பி.சி.ஓ.டி.யோ ஒழுங்கற்ற ரத்தப்போக்கோ இருப்பவர்களுக்கும், கால்போஸ்கோப்பியோடு உள்சுவரிலிருந்தும் திசு எடுத்துப் பார்ப்பதே முறை. வளர்சிதைக் கோளாறு ஒரு ஸ்மியர் முடிவின் அர்த்தத்தையே மாற்றுவது இங்கேதான்.

இனி அம்மா செய்ய வேண்டியது. 16, 18 அல்லாத வகை, செல்களில் மாற்றம் இல்லை என்றால் ஒரு வருடம் கழித்து எச்.பி.வி. பரிசோதனையைத் திரும்பச் செய்வது ஏற்கப்பட்ட வழி. அப்போதும் பாசிட்டிவ் என்றால் கால்போஸ்கோப்பி. முதல் முறையே 16 அல்லது 18 வந்திருந்தால் செல்கள் நன்றாக இருந்தாலும் உடனே கால்போஸ்கோப்பிக்கு அனுப்பியிருப்பார்கள். இடையில் பூஞ்சைக்குச் சிகிச்சை எடுத்துக்கொள்ளட்டும். இந்த ஒரு வருடக் காத்திருப்பு அறிகுறி இல்லாதவருக்கு மட்டுமே. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலும், நாற்றமுள்ள நீர் கசிந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே போக வேண்டும். 'சூடு' என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருப்பதில் நாட்கள் போய்விடும்.

'எதற்கு வம்பு, கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எச்.பி.வி. பாசிட்டிவுக்கும் அழற்சிக்கும் வெள்ளைப்படுதலுக்கும் கர்ப்பப்பையை எடுப்பது சிகிச்சை அல்ல. ஆனாலும் அப்படி எடுக்கப்பட்ட கர்ப்பப்பைகள் வாளியில் ஆய்வகத்துக்கு வருவதைப் பார்த்துப் பார்த்து நான் கோபப்பட்டிருக்கிறேன். 9.4 சராசரியோடு ஒரு பெரிய அறுவைச் சிகிச்சை என்பது தனி ஆபத்து. நாளை கால்போஸ்கோப்பியில் முந்தைய நிலை தெரிந்தாலும், மின்கம்பியால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதும், சிலருக்குச் சூடு வைத்துக் கருக்குவதும் வெளிநோயாளியாகவே முடிகிற சிகிச்சைகள். அந்தப் புண் சீக்கிரம் ஆற வேண்டும், சீழ் பிடிக்கக் கூடாது என்பதற்காகவாவது சர்க்கரை இறங்கியிருக்க வேண்டும். ஆக, 'சர்க்கரையைக் குறைத்தால் போய்விடுமா' என்ற கேள்விக்கு என் பதில்: வைரஸ் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், பூஞ்சை போகும், அடுத்த ஸ்மியர் தெளிவாக இருக்கும், சிகிச்சை தேவைப்பட்டால் புண் ஆறும். வீட்டில் யாராவது புகைத்தால் அந்தப் புகையிலிருந்தும் அம்மாவை விலக்கி வையுங்கள். புகைபிடித்தல் இந்த வைரஸ் தங்க உதவுகிறது என்பதற்கு எடையைவிட உறுதியான ஆதாரம் உண்டு.

ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது. பதினொரு வருடம் சர்க்கரைக்காக மாதாமாதம் மருத்துவரைப் பார்த்த ஒருவருக்கு 52 வயதில்தான் முதல் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. உங்கள் அம்மா விதிவிலக்கு அல்ல. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்திய அளவில் 1.9 சதவீதம்தான் என்பதால் நாம் முன்னே இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். அதே ஆய்வில் 15 முதல் 49 வயதுத் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் எடை கூடியவர்கள்.

வழி இல்லாமல் இல்லை. 2007இல் தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் இரண்டு முன்னோட்டங்களைத் தொடங்கியது. தேனியிலும் தஞ்சாவூரிலும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. விருதுநகரிலும் சிவகங்கையிலும் ரத்த அழுத்தமும் இதய நோய்த் தடுப்பும். பிறகு இரண்டும் சர்க்கரை, மார்பகப் பரிசோதனைகளோடு ஒரே திட்டமாகி மாநிலம் முழுவதும் வந்தன. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்களுக்குப் பிரஷர் பார்க்கும் அதே தொற்றா நோய்ப் பிரிவில் கர்ப்பப்பை வாயையும் பார்க்க ஏற்பாடு இருக்கிறது, இலவசமாக. அதற்கும் முன்பே திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பெரிய சோதனை, பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசெட்டிக் அமிலம் கொண்டு ஒரே ஒரு முறை பரிசோதித்ததிலேயே இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்ததை 2007இல் உலகுக்குக் காட்டியது. 30களில் இருந்த பெண்களுக்கே அதில் பலன் அதிகம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 31 வயது, ஆகவே ஆம், செய்துகொள்ளுங்கள், காரணம் பி.சி.ஓ.டி. அல்ல, வயது. எச்.பி.வி. பரிசோதனை கிடைத்தால் அதையே கேளுங்கள், இல்லாவிட்டால் ஸ்மியரோ அசெட்டிக் அமிலப் பரிசோதனையோ போதும். உங்கள் வயதில் எல்லைக்கோடு வெளியேதான் இருக்கும். மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம், இரண்டு நாள் முன்பிருந்து உள்ளே வைக்கும் மருந்துகளைத் தவிர்த்துவிடுங்கள். எடையைச் சொல்லிப் பெரிய ஸ்பெகுலம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முடிவுக்குத் தாவாமல், மாதிரி போதுமானதா என்று எழுதியிருக்கும் வரியை முதலில் படியுங்கள். போதாது என்றால் 'நார்மல்' என்று எடுத்துக்கொள்ளாமல் திரும்பச் செய்துகொள்ளுங்கள். பி.சி.ஓ.டி.யால் மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமல் இருந்தால் அது கர்ப்பப்பையின் உள்சுவர் சம்பந்தப்பட்ட தனி விஷயம், மகளிர் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். அம்மாவின் அடுத்த பரிசோதனைத் தேதியை ஸ்மியர் ஃபைலில் எழுதி அலமாரியில் வைக்காதீர்கள். மாதாமாதம் கையில் எடுக்கும் சர்க்கரை நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள்.